கொமிட்டியா, கொமெடியா? நீண்ட ஆங்கிலச் சொல்லை அசை பிரித்து அழுத்தம் காண்பது

2005ஆம் ஆண்டு. சுனாமி அடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கல்லடியில் இருந்து கல்முனை வரைக்கும் கடற்கரை ஊர்களில் எங்கு பார்த்தாலும் நிவாரண வாகனங்கள் நின்ற காலம். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கெல்லாம் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. ஒரு ஊர்க் கூட்டத்தில், அங்கிருந்த அபிவிருத்திக் குழுவைப் பற்றி வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ‘கொமிட்டி’ என்று மூன்று நான்கு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் குழப்பம் கூடியது. கடைசியில் தாளில் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு, நடுவில் உள்ள ‘மி’யை நன்றாக ஊன்றி, “ஓ, கமிட்டி” என்றார். அதுவரை அவர் காதில் விழுந்தது ‘கொமெடி’. வீடிழந்த சனங்களுக்கு நடுவில் நின்று நான் நகைச்சுவை பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இரண்டு சொற்களிலும் மூன்று மூன்று துண்டுகள். ஒன்றில் நடுத்துண்டை ஊன்ற வேண்டும், மற்றதில் முதல் துண்டை. நான் இடம் மாற்றி ஊன்றிவிட்டேன், ஆங்கிலக் காதுக்கு அது வேறு சொல்லாகிவிட்டது. சாதாரண தரம், உயர்தரம் எல்லாம் தாண்டி வந்தும் இந்த ஒரு விசயத்தை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இப்போது மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். நல்லாகப் படிக்கிற பிள்ளைகள். ஆனால் நீளமான சொல் ஒன்று வந்தால் வேலிக்கு முன் நிற்கிற மாடு மாதிரி நின்றுவிடுவார்கள். அந்த வேலியைத் தாண்டும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வழி இரண்டு கேள்வியில் அடங்கும். சொல்லில் எத்தனை அசை? அதில் எந்த அசையில் அழுத்தம்?

அசை என்றால் இங்கே என்ன

அசை என்றதும் தமிழ்ப் பாடத்தில் படித்த நேரசையும் நிரையசையும் ஞாபகத்துக்கு வரும். வரட்டும், நல்லது. ஆனால் ஒரு வித்தியாசத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். யாப்பில் ‘கட’ என்பது நிரையசை, அதாவது இரண்டு குறில் சேர்ந்து ஒரே அசை. ஆங்கிலத்தில் அசை எண்ணும்போது அப்படிச் சேர்க்க முடியாது. ஒரு உயிரொலி கேட்டால் ஒரு அசை, அவ்வளவுதான் கணக்கு. மட்டக்களப்பு என்ற பெயரை யாப்பின்படி அலகிட்டால் மட்-டக்-களப்-பு, நான்கு அசை. உயிரொலியை மட்டும் எண்ணினால் மட்-டக்-க-ளப்-பு, ஐந்து. இந்தக் கட்டுரை முழுவதும் இரண்டாவது கணக்குத்தான்.

அலகிடும்போது ஒற்றைத் தனியாக எண்ணமாட்டோம், முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிவிடுவோம். ஆங்கிலத்திலும் மெய்யொலி பெரும்பாலும் தனியாக அசை ஆகாது, பக்கத்தில் உள்ள உயிரோடு ஒட்டிக்கொள்ளும். ‘டென்டிஸ்ட்’ என்றால் டென்-டிஸ்ட், ‘பந்து’ என்றால் பந்-து. பாதி வேலை நமக்கு ஏற்கெனவே தெரியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் எழுதியதெல்லாம் ஒலிக்கும். ஆங்கிலத்தில் எழுதிய உயிரெழுத்து ஒலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘கேக்’ என்ற சொல்லில் ஏயும் (a) ஈயும் (e) ஆக இரண்டு உயிரெழுத்து உண்டு. ஒலிப்பது ஒன்று, ஆகவே அசை ஒன்று. ‘பியூட்டிஃபுல்’ இல் ஐந்து உயிரெழுத்து, அசை மூன்று. அதனால் கண்ணால் எண்ணாதீர்கள். கையைத் தாடைக்குக் கீழே மெதுவாக வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு உயிரொலிக்கும் தாடை ஒருமுறை கீழே இறங்கும். எத்தனை தரம் இறங்குகிறதோ அத்தனை அசை. முதல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

இங்கே நம் நாக்கு இரண்டு பக்கமும் பிழைவிடும். சில சொற்களில் ஆங்கிலக்காரர் அசையை விழுங்கிவிடுவார்கள், நாம் விழுங்கமாட்டோம். ‘சொக்லட்’ அவர்கள் வாயில் இரண்டே அசை, ‘வெஜிடபிள்’ மூன்று, ‘பிஸினஸ்’ இரண்டு, ‘வெட்னஸ்டே’ என்று நாம் மூன்றாகப் படிக்கிற புதன்கிழமை அவர்களுக்கு ‘வென்ஸ்-டே’. வேறு சில சொற்களில் நாம் இல்லாத அசையைச் சேர்த்துவிடுவோம். தமிழில் சொல்லின் முதலில் மெய் வராது, வல்லின மெய்யில் சொல் முடியவும் முடியாது. அந்தப் பழக்கத்தில் ‘ஸ்கூல்’ இஸ்கூல் ஆகிறது, ‘பஸ்’ பஸ்ஸு ஆகிறது. ‘ஃபில்ம்’ ஒரே அசை. நாம் சொல்லும் ‘ஃபிலிம்’ இரண்டு. கேட்கிறவருக்கு அசைக் கணக்கு பிசகினால் சொல்லே பிசகிவிடும்.

இறந்தகால வினையில் இந்தப் பிழை அதிகம். ஈயும் டியும் (ed) கடைசியில் ஒட்டிய சொற்களை எல்லாம் ‘எட்’ என்று வாசிக்கிறோம். ‘நடந்தான்’ என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘வோக்ட்’, ஒரே அசை. ‘வோக்-கெட்’ என்று ஒரு சொல் கிடையாது. வினை ரீ (t) அல்லது டி (d) ஒலியில் முடிந்தால் மட்டும்தான் புது அசை வரும். ‘வோன்ட்’ என்பது ‘வோன்-டட்’ ஆகும். இந்த ஒரு விதியைப் பிடித்தாலே வாசிப்பு உடனே தெளிவாகிவிடும்.

எங்கே வெட்டுவது, மெய்க்கு முன்னாலா பின்னாலா என்று சில பிள்ளைகள் நெடுநேரம் யோசிப்பார்கள். அதில் மினக்கெட வேண்டாம். அகராதிகளுக்குள்ளேயே அந்த வெட்டு ஒத்துப் போவதில்லை. எத்தனை துண்டு என்பதுதான் முக்கியம். முன்னொட்டும் விகுதியும் தெரிந்தால் அவற்றை முதலில் கழற்றி வையுங்கள், மிச்சம் தானாகவே சின்னதாகிவிடும்.

ஊன்றும் அசை

இனிமேல் சொற்களை இப்படி எழுதுகிறேன்: அசைகளுக்கு நடுவில் சிறு கோடு, அழுத்தம் உள்ள அசைக்கு முன்னால் ˈ என்ற நிற்கும் கோடு. அகராதிகளில் பார்க்கிற அதே குறிதான். அந்த வெளிநாட்டவர் சொன்னது க-ˈமி-டி. அவர் கேட்டது ˈகொ-ம-டி. சில இடங்களில் துண்டின் முதலில் மெய் வைத்து, ‘க்ரா’, ‘ட்யூ’ என்றெல்லாம் எழுதுவேன். தமிழ் மரபுக்கு அது சரியில்லைதான். ஒரு துண்டுக்கு ஒரு உயிர் என்று கண்ணுக்குத் தெரிவதற்காக அப்படி எழுதுகிறேன்.

அழுத்தம் என்றால் சத்தமாகச் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். சத்தம் அதில் ஒரு பங்குதான். அழுத்தம் பெற்ற அசை கொஞ்சம் நீளும், குரல் கொஞ்சம் மேலே ஏறும், உயிரொலி தெளிவாகக் கேட்கும். வாவியின் அக்கரையில் தோணியோடு நிற்கிறவரிடம் ஒரு சொல்லைக் கூப்பிட்டுச் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஹொஸ்பிட்டல்’ என்று கத்தினால் எந்த இடத்தை இழுப்பீர்கள்? ˈஹொஸ்ஸ்-பி-டல். அந்த இழுவை நிற்கிற இடம் பெரும்பாலும் அழுத்தம் உள்ள இடம். சொல்லை மாற்றி மாற்றி, ஒவ்வொரு அசையாக இழுத்துக் கூப்பிட்டுப் பார்த்தால் எது பொருந்தவில்லை என்று காதே சொல்லிவிடும், ஆனால் அந்தச் சொல்லை முன்பு சரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. மாற்றுவது நீளம்தான். கல், கால். படு, பாடு. பட்டு, பாட்டு. குறில் நெடில் பிசகினால் நமக்குச் சொல் மாறிவிடும். எந்த எழுத்தை ஊன்றினாலும் ‘பாட்டு’ பாட்டுத்தான். அதனால் நம் காது அழுத்தத்தைக் கவனிக்கப் பழகவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய மாத்திரையைக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அந்த நேர்மையோடு ஆங்கிலத்தையும் வாசிக்கிறோம்: டெ-வ-லப்-மென்ட், நான்கு அசைக்கும் சமமான மரியாதை, முதல் அசைக்குக் கொஞ்சம் கூடுதல். ஆங்கிலம் கேட்பது வேறு. டி-ˈவெ-லப்-மன்ட். ஒன்றே ஒன்று நிமிர்ந்து நிற்க வேண்டும், மற்ற மூன்றும் குனிய வேண்டும்.

குனிவது என்பதுதான் பலர் தவறவிடுகிற பாதி. அழுத்தம் இல்லாத அசையில் உயிரொலி தன் நிறத்தை இழந்துவிடும். ஏயோ ஈயோ ஓவோ, எந்த எழுத்தாக இருந்தாலும், வாயைப் பெரிதாகத் திறக்காத, மங்கலான ஒரு ‘அ’ மாதிரி ஆகிவிடும். அகராதியில் தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ஈ (e) எழுத்தாக அதைப் போட்டிருப்பார்கள்; அதன் பெயர் ‘ஷ்வா’. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வருகிற உயிரொலி அதுதான். எழுத்துக் கூட்டலில் அதற்கென்று ஒரு தனி எழுத்துக்கூட இல்லை.

இது நமக்குப் புதுமை அல்ல. தமிழ் இலக்கணத்தில் குற்றியலுகரம் படித்திருக்கிறோம். ‘பசு’ என்று சொல்லிப் பாருங்கள், உதடு குவிந்து ‘உ’ முழுதாக வரும். ‘காசு’ என்று சொல்லிப் பாருங்கள், அந்த ‘சு’வில் உதடு சரியாகக் குவியாது, ஒரு மாத்திரை பெற வேண்டிய ‘உ’ அரை மாத்திரையாகக் குறுகி நிற்கும். எழுத்து அதேதான், ஒலி குறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத அசைகளில் நடப்பதும் இந்த மாதிரி ஒரு குறுக்கம்தான், சொல்லின் எந்த மூலையிலும் நடக்கலாம் என்பது மட்டும் வித்தியாசம். பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன நாளில் ஒரு மாணவி, “அப்ப நாங்க இதைத் தமிழ்ல ஏற்கெனவே செய்யிறம்தானே சேர்?” என்று கேட்டாள். ஆமாம் மனே, செய்கிறோம். காசு என்று சரியாகச் சொல்லத் தெரிந்த வாய்க்கு ஷ்வா கஷ்டமே இல்லை.

சொல்லை வாலில் இருந்து பாருங்கள்

மறுகா, அழுத்தம் எந்த அசையில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் சொல்லை முன்னால் இருந்து வாசிக்கிறோம். நீண்ட ஆங்கிலச் சொல்லில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வால், அதாவது விகுதி. ஆகவே முதலில் கடைசியைப் பாருங்கள்.

வீட்டுக்குக் கரண்ட் வேலை செய்ய வருகிறவரின் தொழிலின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அடிச்சொல் இ-ˈலெக்-ட்ரிக். அதில் ‘இக்’ என்ற வால். ‘இக்’ வால் வந்தால் அதற்கு நேர் முன்னால் உள்ள அசை அழுத்தம் பெறும்: ‘லெக்’. இப்போது ‘ஷன்’ வாலை மாட்டினால் இ-லெக்-ˈட்ரி-ஷன். ‘ஷன்’ வாலும் தனக்கு நேர் முன்னால் உள்ளதைத்தான் பிடிக்கும், அதனால் அழுத்தம் ஒரு அசை நகர்ந்து ‘ட்ரி’க்குப் போய்விட்டது. மின்சாரம் என்ற சொல்லுக்கு வந்தால் இ-லெக்-ˈட்ரி-ஸ-டி. இங்கே ‘இட்டி’ என்ற வால். கடைசியில் இருந்து மூன்றாவது அசை அழுத்தம் பெறும். ஒரே குடும்பம், மூன்று பிள்ளைகள். வால் மாறினால் ஊன்றும் இடம் மாறுகிறது.

‘ஷன்’ வாலை ரீ-ஐ-ஓ-என் என்றும், எஸ்-ஐ-ஓ-என் என்றும், சி-ஐ-ஏ-என் என்றும் எழுதுவார்கள். கேட்பது ஏறத்தாழ ஒரே ஒலி, நடத்தையும் ஒன்று. எ-ட்யு-ˈகே-ஷன். இக்-ஸா-மி-ˈநே-ஷன். சுனாமிக் காலத்தில் எங்கள் ஊர்களில் தினமும் அடிபட்ட சொல் ரீ-ஹ-பி-லி-ˈடே-ஷன். ஆறு அசை இருந்தாலும் பயப்பட ஒன்றும் இல்லை. கடைசி ‘ஷன்’னைக் கண்டதும் அதற்கு முன்னால் கையை வைத்துவிடலாம். இந்த வால் உள்ள சொற்கள் ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, விதியை மீறுகிறவை மிகக் குறைவு. மீறுகிற ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது: ˈடெ-லி-வி-ஷன், அதைப் பலர் முதல் அசையிலேயே ஊன்றுவார்கள். ஒரே ஒரு விதியைத்தான் மனதில் வைக்க முடியும் என்றால் ‘ஷன்’ விதியை வையுங்கள்.

‘இக்’ வாலில் மீறுகிற சொற்கள் கொஞ்சம் அதிகம். அரசியல் என்பதற்கான சொல் ˈபொ-ல-டிக்ஸ், முதல் அசையில் ஊன்றும். அரபு மொழியின் பெயரும் ˈஆ-ர-பிக், அதுவும் முதல் அசை. ஆனால் அரசியல்வாதிக்கு வந்ததும் ‘ஷன்’ வால் தன் வேலையைச் செய்துவிடும்: பொ-ல-ˈடி-ஷன்.

கடைசியில் இருந்து மூன்றாவது அசையைப் பிடிக்கிற வால்கள் ஒரு தனிக் கூட்டம். ‘இட்டி’, ‘லொஜி’, ‘க்ரஃபி’, ‘இக்கல்’. யூ-னி-ˈவர்-ஸ-டி. ஒ-ப-ˈட்யூ-ன-டி. பை-ˈஒ-ல-ஜி. இ-ˈலெக்-ட்ரி-கல். உயிரியல் படிக்கிற பிள்ளைகளே ˈபை-யோ-லொ-ஜி என்று முதலில் ஊன்றுவதைக் கேட்டிருக்கிறேன். வாலில் இருந்து மூன்று என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டினால் ஒரே நாளில் திருந்திவிடும். ‘கேட்’, ‘ரேட்’ என்று முடியும் நீண்ட வினைச்சொற்களும் இந்தக் கூட்டத்தோடு சேரும்: க-ˈம்யூ-னி-கேட். அதோடு ‘ஷன்’ சேர்த்தால் க-ம்யூ-னி-ˈகே-ஷன். ‘ம்யூ’வில் இருந்த அழுத்தம் இரண்டு அசை தாண்டி வந்துவிட்டது.

சில வால்கள் அழுத்தத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். என்-ஜி-ˈநியர், வொ-லன்-ˈடியர், ஜா-ப-ˈநீஸ். இவை குறைவு, கேட்டுப் பழகினால் போதும்.

சில வால்கள் அழுத்தத்தைத் தொடவே மாட்டா. ‘மென்ட்’, ‘ஃபுல்’, ‘லெஸ்’, ‘நெஸ்’, ‘லி’, ‘இங்’ போன்றவை. அவற்றை மாட்டுவதற்கு முன் அழுத்தம் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். டி-ˈவெ-லப் என்ற வினை தெரிந்தால் டி-ˈவெ-லப்-மன்ட் தானாக வரும். ˈக-வன் என்ற வினையில் இருந்து வருவதுதான் ˈக-வன்-மன்ட். நாம் கவர்மெண்ட் என்று தினமும் சொல்லும் சொல். இங்கே முதல் அசையை ஊன்றுகிற நம் பழக்கம் சரியாகவே பொருந்திவிடுகிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்த சொல்லின் குடும்பத்தையும் பார்த்துவிடலாம். நகைச்சுவை ˈகொ-ம-டி. நகைச்சுவை நடிகர் க-ˈமீ-டி-அன். ‘இயன்’ வால் அழுத்தத்தை இழுத்துத் தனக்கு முன்னால் வைத்துவிட்டது. முதல் அசை ‘கொ’ மங்கி ‘க’ ஆகிவிட்டது. இரண்டு சொல்லுக்கும் முதல் ஐந்து எழுத்து ஒன்றுதான். அழுத்தம் விலகியதும் உயிரொலி எப்படி வெளிறிப் போகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு சொல் தெரியாது. இன்னும் ஒன்று வேண்டுமானால், ˈஃபோ-ட-க்ராஃப், ஃப-ˈடொக்-ர-ஃபர், ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக் என்ற மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பாருங்கள். ‘டொ’ வந்து போவதைக் கவனியுங்கள்.

ஆங்கிலத்துக்கு ஏன் இப்படி ஓரிடத்தில் நிற்காத அழுத்தம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தின் அடித்தளம் ஜெர்மானிய மொழி. அந்தப் பழைய வீட்டுச் சொற்கள் வேர்ச்சொல்லின் அசையில் ஊன்றும், அது பெரும்பாலும் முதல் அசை: ˈம-தர், ˈவோட்-டர் போல. 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. பின்னர் இலத்தீனும் கிரேக்கமும் படிப்பாளிகள் மூலம் வந்தன. மேலே சொன்ன வால்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவை. வந்த சொற்கள் தங்கள் நடையையும் கொண்டுவந்தன. அதனால் சின்ன, வீட்டுச் சொற்களில் முதல் அசை என்று துணிந்து ஊகிக்கலாம். நீண்ட, படிப்புச் சொற்களில் வாலைப் பார்க்க வேண்டும்.

ஒரே எழுத்து, இரண்டு சொல்

இரண்டு அசைச் சொற்களில் ஒரு சிறு கூட்டம் பெயராக வந்தால் முதல் அசையிலும், வினையாக வந்தால் இரண்டாம் அசையிலும் ஊன்றும். அம்பாறைப் பக்கம் ‘பெர்மிட் காணி’ தெரியாதவர்கள் இல்லை. அந்த பெர்மிட் பெயர்ச்சொல்: ˈபர்-மிட். அனுமதி கொடு என்ற வினைக்கு பர்-ˈமிட். இதேபோல ˈரெ-கோட் என்றால் பதிவு, ரி-ˈகோட் என்றால் பதிவு செய். ˈஇம்-போட், இம்-ˈபோட். எல்லாச் சொல்லும் இப்படி நடக்காது. ‘ரிப்போட்’ பெயராக இருந்தாலும் வினையாக இருந்தாலும் ரி-ˈபோட்தான். நாம் முதல் அசையை ஊன்றிப் பழகிய ‘ஹோட்டல்’ ஹோ-ˈடெல், ‘பொலிஸ்’ ப-ˈலீஸ். இவற்றுக்கு விதி தேடாமல் மனதில் போட்டுக்கொள்வதே நல்லது.

வாயில் ஏற்றுவது

விதி தெரிந்தும் வாய் வராது. அதற்கு நான் செய்கிறது இது: சொல்லை அழுத்தம் உள்ள அசையில் இருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கட்டுவது. பொறுப்பு என்பதற்கான ஆறு அசைச் சொல்லை எடுப்போம். ‘இட்டி’ வால் இருக்கிறது. கடைசியில் இருந்து மூன்றாவது அசை ‘பி’. முதலில் ˈபி-ல-டி என்று மட்டும் நாலைந்து தரம் சொல்லுங்கள். பிறகு ஸ-ˈபி-ல-டி. பிறகு ஸ்பொன்-ஸ-ˈபி-ல-டி. கடைசியாக ரி-ஸ்பொன்-ஸ-ˈபி-ல-டி. ஒவ்வொரு தடவையும் ‘பி’யில் மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள், மற்ற அசைகளுக்குத் தட்ட வேண்டாம். இத்தனை நீளச் சொல்லில் ‘ஸ்பொன்’ இலும் ஒரு சிறு அழுத்தம் விழும். அகராதியில் அதைக் கீழே தொங்குகிற கோடாகப் போட்டிருப்பார்கள். ஆரம்பத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பெரிய அழுத்தம் சரியாக விழுந்தால் சிறியது தன் இடத்தைத் தேடிக்கொள்ளும்.

கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் சொல்வேன். ததிங்கிணதோம் என்று சொல்லிப் பாருங்கள்: த-திங்-கி-ண-தோம். ஐந்து அசை, நடுவில் உள்ளவை வேகமாக ஓடிவந்து ‘தோம்’ இல் விழுகின்றன. ஆங்கிலக்காரர் திருகோணமலைக்கு வைத்த பெயர் ட்ரிங்-க-ம-ˈலீ. அதே ஓட்டம், அதே விழுகை. எங்கள் மட்டக்களப்புக்கு அவர்கள் சொல்வது பா-டி-க-ˈலோ-அ. ‘லோ’வில் விழுந்த பிறகு ஒரு சின்ன ‘அ’ மிச்சம். மத்தளத்தில் எந்த இடத்தில் அடி விழுகிறது என்று கேட்கத் தெரிந்த காது ஆங்கிலச் சொல்லின் அழுத்தத்தையும் கேட்கும். தாளம் தட்டிப் பழகியவர்களோடு ஒப்பிட்டால் புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்தவர்கள் இதில் பின்தங்கித்தான் நிற்கிறார்கள்.

அகராதி கையில் இருந்தால் எல்லாவற்றையும் அங்கே சரிபார்க்கலாம். இப்போது ஃபோனிலேயே ஒலியையும் கேட்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிரித்தானிய உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் சில சொற்களில் வேறு வேறு இடத்தில் ஊன்றும். ஆய்வுகூடம் பிரித்தானியருக்கு ல-ˈபொ-ர-ட்ரி, அமெரிக்கருக்கு ˈலாப்-ர-டோ-ரி. இரண்டும் சரி. ஒன்றைத் தெரிவுசெய்து அதிலேயே நில்லுங்கள். எங்கள் பள்ளிக்கூடங்களில் பழக்கம் பிரித்தானிய முறை.

பயிற்சிக்குப் புத்தகம் தேட வேண்டியதில்லை. நம் நாட்டில் அரச அலுவலகப் பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கும். பஸ்ஸில் போகும்போது தமிழை வாசித்துவிட்டுக் கீழே உள்ள ஆங்கிலத்தையும் வாசித்து, வாலைப் பார்த்து, ஊன்றும் இடத்தை ஊகியுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் என்ற பலகையில் இ-ரி-ˈகே-ஷன், அது சுலபம். மாநகர சபைப் பலகையில் ம்யூ-ˈநி-ஸி-பல். அதையே ‘இட்டி’ வாலோடு எழுதியிருந்தால் ம்யூ-நி-ஸி-ˈபா-ல-டி. பிரதேச செயலகத்தில் முதல் சொல் டி-ˈவி-ஷ-னல்: ‘ஷன்’ தான் அங்கே ஒளிந்திருக்கிறது, ‘அல்’ சேர்ந்தும் அழுத்தம் நகரவில்லை. வயல் ஊர்களில் கமநல சேவை நிலையத்துக்கு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிற முதல் சொல்லைப் பார்த்தால் பிள்ளைகள் ˈஅக்-ரே-ரி-யன் என்பார்கள். அதன் வால் ‘இயன்’. க-ˈமீ-டி-அன் எப்படியோ அப்படியே: அ-ˈக்ரெ-ரி-அன்.